14 மாதங்களாக ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத வாசகிக்கு

கடிதம் எழுதியவர் 36 வயதுப் பெண். மருத்துவப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் 9 ஆண்டுகளாக லேப் டெக்னீஷியனாகப் பணியாற்றுகிறார். 14 மாதங்களுக்கு முன்பு அவருக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் முடக்குவாதம் இருப்பது உறுதியானது. பணி காலை 7 மணிக்குத் தொடங்குகிறது. விரல்கள் ஓரளவு மடங்குவதற்கே எட்டரை மணி ஆகிவிடுகிறது. அதற்குள் வந்து குவியும் ரத்த மாதிரிக் குழாய்களின் மூடிகளை விரலால் திருக முடியாமல், குழாயை இடுப்போடு அணைத்துக்கொண்டு உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தித் திறப்பதாக எழுதியிருக்கிறார். முன்பு ஒரு நாளில் 120 மாதிரிகளைக் கையாண்டவர், இப்போது பெரும்பாலான நாள்களில் 80ஐத் தாண்டுவதில்லை. கடந்த மாதம் ஒரு குழாய் கைநழுவி உடைந்தது. யாரும் பார்ப்பதற்குள் துடைத்துவிட்டார். அலுவலகத்தில் எவருக்கும் நோயைப் பற்றித் தெரியாது. வாரம் ஒருமுறை சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையைக் குமட்டலாலும், அது புற்றுநோய் மருந்து என்று எங்கோ படித்த பயத்தாலும் இரண்டு முறை நிறுத்தியிருக்கிறார். கடைசியாக நிறுத்தி 6 வாரங்கள் ஆகின்றன. மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வரும் நாள்களில் மட்டும், பழைய சீட்டில் மிச்சமிருந்த ஸ்டீராய்டு மாத்திரையைத் தானாகவே போட்டுக்கொள்கிறார். அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான இ.எஸ்.ஆர். அளவு இயல்பாக இருப்பதால் "எல்லாம் உன் மனத்தில்தான்" என்கிறார் கணவர்.

அவருடைய கேள்விகள் நான்கு. மூட்டு மேலும் தேயாமல் இருக்க வேலையை விட்டுவிடலாமா? மேலதிகாரியிடம் சொன்னால் வேலை போய்விடுமா? சொல்லாமலே சமாளிக்க இன்னும் வலுவான வலி மாத்திரை உண்டா? வேகம் குறைந்தது நோயாலா, சோம்பலாலா? கடிதத்தின் கடைசி வரியில், இரண்டாவது குழந்தைக்கு விரும்புவதாகவும் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

"14 மாதங்களில் நான் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை, டாக்டர்" என்றுதான் உங்கள் கடிதம் தொடங்குகிறது. உங்கள் உழைப்புக்குச் சான்றாக அதை எழுதியிருக்கிறீர்கள். மூட்டுவாத மருத்துவராகப் படித்த எனக்கோ, கடிதம் முழுவதிலும் அதிகக் கவலை தந்த வரி அதுதான். அந்தப் பெருமையைக் காப்பாற்றுவதற்காக நீங்கள் கொடுத்திருக்கும் விலை (மறைத்த வலி, தானாகப் போட்டுக்கொண்ட ஸ்டீராய்டு, துடைத்து மறைத்த குழாய்) பத்து நாள் விடுப்பைவிடப் பெரியது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இது சோம்பல் அன்று. சோம்பல் காலை எட்டரை மணிக்கு விடைபெற்றுப் போவதில்லை. இந்த நோயின் விறைப்புதான் அப்படிப் போகும். உங்கள் வேகம் எந்த நேரத்தில் குறைகிறது, எப்போது திரும்புகிறது என்று நீங்களே எழுதியிருக்கும் குறிப்பு, அழற்சி நோயின் பாடப்புத்தக விவரிப்பைப் போலவே இருக்கிறது. இரவின் பிற்பகுதியில் இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் உயர்கின்றன. மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கி, விடியும்போது விரல்கள் மரக்கட்டை போலாகின்றன. ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ அசைத்த பிறகுதான் அவை இளகுகின்றன. உங்கள் பணி நேரம், உங்கள் உடலின் மிக மோசமான ஒன்றரை மணி நேரத்தின் மேல் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது.

தேய்மானம் என்ற சொல் செய்யும் குழப்பம்

மூட்டில் எந்த வலி வந்தாலும் "தேய்ந்துவிட்டது" என்று சொல்லிப் பழகிவிட்டோம். முதுமையில் முழங்காலில் வரும் தேய்மானம் வேறு. உங்களுக்கு வந்திருப்பது வேறு. உங்கள் உடலின் எதிர்ப்பாற்றல், தன் சொந்த மூட்டுச் சவ்வையே பகையாக எண்ணித் தாக்குகிறது. குருத்தெலும்பையும் எலும்பையும் அரிப்பது அந்த அழற்சிதான். நீங்கள் பிப்பெட்டை (திரவத்தை அளந்து எடுக்கும் கைக்கருவியை) அழுத்துவதன்று. எனவே வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தால் மூட்டு தேயாமல் இருக்கும் என்ற கணக்கு இங்கே பொருந்தாது. அழற்சியை அடக்காமல் ஓய்வு மட்டும் எடுத்தால், ஓய்வெடுக்கும் மூட்டும் அரிக்கப்படும், கூடவே தசையும் மெலியும். வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டுக்குச் சில நாள் ஓய்வு தேவைதான். அது வேலையை விடுவதற்குச் சமமாகாது.

பெயரும் தன் பங்குக்குப் பயமுறுத்துகிறது. 1859இல் ஆல்ஃபிரட் காரட் என்ற ஆங்கிலேய மருத்துவர், யூரிக் அமிலத்தால் வரும் கவுட் நோயிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவதற்காக ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று பெயரிட்டார். தமிழில் அமைந்த பெயரோ முடிவையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. முடக்குவாதம் என்று கேட்டதும் பக்கவாதத்தோடு குழப்பிக்கொண்டு, "எப்போது முடங்குவேன்?" என்று கேட்ட நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பெயர் மருந்துகள் இல்லாத காலத்தில் வைக்கப்பட்டது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகம் முழுவதும் 1.8 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்ந்தார்கள். அவர்களில் 70% பெண்கள். 55 வயதைத் தாண்டியவர்கள் 55% என்றால், எஞ்சிய 80 லட்சம் பேர் பெரும்பாலும் வேலைக்குப் போகும் வயதில் இருப்பவர்கள். இது முதியவர்களின் நோய் என்று நினைத்து உங்கள் சக ஊழியர்கள் உங்களைச் சந்தேகிக்கவில்லை. அதுதான் மறைக்க உங்களுக்கு எளிதாகவும் இருந்திருக்கிறது.

கணவரின் வாதத்துக்கும் ஒரு பதில். இ.எஸ்.ஆர்., அதைப் போன்ற மற்றொரு ரத்தப் பரிசோதனையான சி.ஆர்.பி. இரண்டும் இயல்பாக இருக்கும்போதே மூட்டில் அழற்சி நீடிப்பது பலரிடம் காணப்படுவதுதான். நோயின் தீவிரத்தை நாங்கள் ரத்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. 28 மூட்டுகளை விரலால் அழுத்தி, எத்தனை வீங்கியிருக்கின்றன, எத்தனை வலிக்கின்றன என்று எண்ணுகிறோம். நீங்கள் எப்போதும் மாலை வேளையில்தான் மருத்துவரைப் பார்க்கப் போவதாகத் தெரிகிறது. அதாவது உங்கள் கைகள் மிக நன்றாக இருக்கும் நேரத்தில்தான் மருத்துவர் அவற்றைப் பார்க்கிறார். அடுத்த முறை போகும்போது, காலை 6 மணிக்கு முஷ்டியை மூட முயலும் கையைக் கைபேசியில் ஒரு வாரம் படமெடுத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். வீங்கிய மூட்டில் அவரே விரல் வைத்துப் பார்ப்பதற்கு ஈடான விளக்கம் எதையும் என்னால் எழுத்தில் தர இயலாது.

வந்தும் வராத நேரம்

வேலைக்கு வராத நாள்களை எண்ணுவது எளிது என்பதால், நோயால் விளையும் இழப்பென்றால் விடுப்பு மட்டுமே என்று நிர்வாகங்களும் நோயாளிகளும் எண்ணுகிறார்கள். உண்மையில் இந்நோயில் பெரிய இழப்பு வந்திருந்த நாள்களுக்குள்ளேதான் ஒளிந்திருக்கிறது. ஆய்வாளர்கள் இதைப் 'பிரசென்டீயிசம்' என்கிறார்கள். நான் 'வந்தும் வராமை' என்று சொல்லிக்கொள்வதுண்டு. இதை அளப்பதற்கு 1993இல் வெளியான 6 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாள் இன்றும் உலகம் முழுவதும் பயன்படுகிறது. கடந்த 7 நாள்களில் எத்தனை மணி நேரம் நோயால் வேலையைத் தவறவிட்டீர்கள், எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள், செய்த நேரத்தில் நோய் உங்களை எவ்வளவு தடுத்தது என்பதை 0 முதல் 10 வரை எப்படி மதிப்பிடுவீர்கள் என்று அது கேட்கும்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். வாரம் 48 மணி நேரப் பணி, விடுப்பு பூஜ்யம். தடையை 4 என்று மதிப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இழப்பு 40%, அதாவது 19 மணி நேரத்துக்குச் சற்று மேல். மாறாக, நோய் கிளர்ந்த வாரத்தில் ஒரு நாள் ஓய்வெடுத்து, மீதி 40 மணி நேரத்தில் தடை 2 ஆகக் குறைந்தால், மொத்த இழப்பு 33% அளவுக்கு இறங்குகிறது. ஒவ்வொரு வாரமும் இப்படி அமையும் என்று நான் உறுதி கூறவில்லை. விடுப்பே எடுக்காதவர்தான் அதிகம் உழைக்கிறார் என்ற எண்ணம் கணக்கில் நிற்காது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

கையின் வேகத்தை மட்டும் நோய் குறைப்பதில்லை. பிற்பகல் 2 மணிக்கு மேல் ஒரே எண்ணை இரண்டு முறை சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்நோயின் களைப்பு, தூங்கி எழுந்தால் போகும் களைப்பன்று. காய்ச்சல் வந்து போன மறுநாள் போன்றது. அழற்சியும், வலியால் கலையும் தூக்கமும், அடிக்கடி கூடவே வரும் ரத்தசோகையும், மனச்சோர்வும் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. மூட்டு அடங்கிய பின்பும் களைப்பு சில மாதங்கள் பின்தங்கி நிற்பதுண்டு. அதைக் கண்டு மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஹீமோகுளோபின் அளவையும் ஒருமுறை பாருங்கள். ஊருக்கெல்லாம் பரிசோதனை முடிவு எழுதிக் கொடுக்கும் நீங்கள் உங்கள் ரத்தத்தை 5 மாதங்களாகப் பரிசோதிக்கவில்லை என்று படித்தபோது எனக்குச் சிரிப்பும் வருத்தமும் ஒன்றாக வந்தன.

மருந்தைப் பற்றி, சற்று விரிவாக

வலுவான வலி மாத்திரை கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குக் குறைவது வலி மாத்திரை அன்று. வலி நிவாரணி வலியை மறைக்கும். அரிப்பு அதன் போக்கில் நடந்துகொண்டே இருக்கும், இரைப்பையும் சிறுநீரகமும் தனியாகப் பாதிக்கப்படும். நோயின் போக்கையே மாற்றும் மருந்துகள் வேறு. அவற்றில் முதலில் நிற்பது நீங்கள் பாதியில் விட்ட மெத்தோட்ரெக்ஸேட்.

அது புற்றுநோய்க்கும் தரப்படும் மருந்துதான். நீங்கள் படித்தது பொய்யன்று. ஆனால் அங்கே தரப்படும் அளவு பல மடங்கு அதிகம். உங்களுக்கு வாரத்துக்கு ஒருமுறை தரப்படும் சிறிய அளவின் வேலையும் வேறு. அமெரிக்காவில் 1988 முதல் இந்நோய்க்கு முறைப்படி அனுமதிக்கப்பட்டு, உலகெங்கும் பழகிய மருந்து இது. அதன் முதல் கண்டிப்பான விதி, வாரத்துக்கு ஒருமுறை என்பதைத் தவறுதலாகத் தினமும் என்று ஆக்கிவிடக் கூடாது என்பது. அந்தத் தவறு உயிருக்கே ஆபத்தாகலாம். குமட்டலுக்கு வழிகள் உண்டு. ஃபோலிக் அமிலம் சேர்ப்பது, ஒரே நாளுக்குள் அளவைப் பிரித்துச் சாப்பிடுவது, ஊசியாக மாற்றிக்கொள்வது என்று மருத்துவர் ஒவ்வொன்றாக முயல்வார். வார விடுமுறைக்கு முந்தைய இரவை மாத்திரைக்கு ஒதுக்குமாறு கேளுங்கள். குமட்டல் வந்தாலும் அது உங்கள் பணி நாளைத் தொடாது. ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் செய்ய வேண்டும்.

இம்மருந்தின் பலன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் ஆகும். நீங்கள் இரண்டு முறையும் அந்தக் காலத்துக்குள்ளாகவே நிறுத்தியிருக்கிறீர்கள். அதனால், 14 மாதச் சிகிச்சை பலனளிக்கவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. உங்களுக்கு முழுமையான சிகிச்சை இன்னும் ஒருமுறைகூட நடக்கவில்லை. இன்றைய மருத்துவ நெறி, 3 மாதங்களில் முன்னேற்றம் தெரியாவிட்டாலோ 6 மாதங்களில் நோய் அடங்கும் இலக்கை எட்டாவிட்டாலோ மருந்தை மாற்ற வேண்டும் என்கிறது. வேறு மாத்திரைகளைச் சேர்க்கலாம்; உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கப்பட்டு 1998 முதல் புழக்கத்துக்கு வந்த உயிரியல் மருந்துகள் உள்ளன; 2012 முதல் வந்த புதிய வகை மாத்திரைகளும் உள்ளன. உங்கள் மருத்துவரிடம் குமட்டலையும் பயத்தையும் மறைத்ததால், அவரால் இந்த ஏணியில் அடுத்த படி ஏற முடியவில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் மாத்திரையை நீங்களாக மீண்டும் தொடங்காதீர்கள்; உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு நான் இன்னும் வரவில்லை.

ஸ்டீராய்டு விஷயத்தில் சற்றுக் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. ஆய்வு நாளில் நீங்கள் காணும் அற்புதம் புதியதன்று. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், இந்நோயால் நடக்க முடியாமலிருந்த 29 வயதுப் பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டார். சில நாள்களிலேயே அவர் எழுந்து நடந்தார். 1950இல் அந்தப் பணிக்கு நோபல் பரிசு கிடைத்தது. பக்கவிளைவுகளின் பட்டியலும் அதே காலத்தில்தான் நீளத் தொடங்கியது: எலும்பு மெலிதல், சர்க்கரை ஏறுதல், ரத்த அழுத்தம், தொற்று. மருத்துவர் கணக்கிட்டுச் சில வாரங்கள் தந்து படிப்படியாகக் குறைக்கும்போது ஸ்டீராய்டு நல்ல பாலம். நீங்களாகப் போட்டுக்கொள்ளும்போது அது ஒரு முகமூடி. அந்த முகமூடி உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லும் என்பதையும் யோசியுங்கள். மேலதிகாரி உங்களைக் கூர்ந்து கவனிக்கும் நாள்களில் மட்டும் நீங்கள் 120 மாதிரிகளை முடிக்கிறீர்கள். மற்ற நாள்களில் 80. அவர் கண்ணுக்கு இது எப்படித் தெரியும்?

மேலதிகாரியிடம் சொல்வதா

நோயை வெளியில் சொல்வது எப்போதும் நல்லது என்று நான் பொதுவாக அறிவுரை சொல்வதில்லை. சொன்ன பிறகு பதவி உயர்வில் ஓரங்கட்டப்பட்டவர்களும் உண்டு. ரகசியம் காக்கப்படாமல் மறுநாளே எல்லோரும் அனுதாபம் விசாரிக்க வந்து நின்றதால் மனம் நொந்தவர்களும் உண்டு. உங்கள் நிலையில் தராசை ஒரு பக்கம் சாய்ப்பது அந்த உடைந்த குழாய். அதிலிருந்தது இன்னொருவரின் ரத்தம். கைப்பிடி வலுவிழந்த நிலையில், கண்ணாடித் துண்டு உங்கள் கையையோ துப்புரவுப் பணியாளரின் கையையோ கிழித்திருக்கலாம். அந்த மாதிரிக்குரிய நோயாளிக்கு முடிவு தாமதமாகியிருக்கலாம். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய உங்களுக்குத் தொற்றின் ஆபத்தும் கூடுதல். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி முழுமையாகப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். வேறு தடுப்பூசிகளை, குறிப்பாக உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகளை, மருத்துவரிடம் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது. ஆகவே உங்கள் தொழிலில் மறைப்பது உங்கள் தனிப்பட்ட தேர்வாக மட்டும் நிற்கவில்லை. சொல்லிவிடுவதே சரி என்பது என் முடிவு.

எதைச் சொல்வது என்பதில் உங்களுக்கு உரிமை இருக்கிறது. நோயின் பெயரையும் மருந்தின் பட்டியலையும் ஒப்பிக்க வேண்டியதில்லை. எது இயலவில்லை, எந்த நேரத்தில் இயலவில்லை, என்ன மாற்றினால் இயலும் என்ற மூன்றும் போதும். எழுத்தில் கொடுங்கள். இப்படி இருக்கலாம்: "எனக்கு நீண்டகால மூட்டு அழற்சி நோய் உள்ளது, சிகிச்சையில் இருக்கிறேன். காலை முதல் 2 மணி நேரம் விரல்களால் நுண்ணிய வேலை செய்வது கடினமாக உள்ளது. அந்த நேரத்தில் முடிவுகளைச் சரிபார்க்கும் பணியையும், அதன் பின் மாதிரிகளைக் கையாளும் பணியையும் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மருத்துவரின் சான்றிதழை இணைத்துள்ளேன்." சலுகை கேட்கும் குரலும் வேண்டாம், சண்டைக்கான குரலும் வேண்டாம். நிறுவனத்துக்கென மருத்துவர் இருந்தால், மேலதிகாரிக்கு முன்பு அவரிடம் பேசுவது நல்லது. கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

சொன்னால் வேலை போய்விடும் என்பது பயம், அது சட்டமன்று. 2006இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு வேலைக்கான உரிமையைப் பேசுகிறது. பணியிடத்தில் நியாயமான மாற்றங்களைச் செய்துதர மறுப்பதே பாகுபாடு என்று அதன் 2ஆம் பிரிவு வரையறுக்கிறது. உடன்படிக்கையை ஏற்ற நாடுகள் தத்தம் சட்டங்களில் இதை வெவ்வேறு அளவில் கொண்டுவந்துள்ளன. இந்நோய் இருப்பதாலேயே ஒருவர் அந்தச் சட்டத்தின் கீழ் வந்துவிடுவார் என்று எண்ண வேண்டாம். பல இடங்களில் இயலாமையின் அளவுக்குச் சான்றிதழ் தேவைப்படும். கடிதம் கொடுப்பதற்கு முன்பு தொழிலாளர் சட்டம் அறிந்த வழக்கறிஞரிடம் அரைமணி நேரம் பேசிவிடுங்கள். பிரச்சினை வந்த பின் போவதைவிட அது மலிவு.

பணியிடத்தில் எதைக் கேட்பது

இந்நோயாளிகளில் யார் வேலையில் நீடிக்கிறார்கள் என்று ஆராய்ந்து எட்வர்ட் யெலின் குழுவினர் 1980இல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடித்தமான ஒன்று. வேலையின் வேகத்தையும் முறையையும் தாமே தீர்மானிக்க முடிகிறதா என்பது, நோயின் மருத்துவ விவரங்களைவிட அதிகமாக அதை முடிவு செய்தது. எனவே பொருள்களைக் கேட்பதற்கு முன்பு நேரத்தைக் கேளுங்கள். பணி 2 மணி நேரம் தள்ளித் தொடங்கினாலே உங்கள் நாள் வேறாகிவிடும். அது முடியாவிட்டால், பணியின் வரிசையையாவது மாற்றலாம்: முதலில் கணினி, சரிபார்ப்பு, இருப்புக் கணக்கு, விரல்கள் இளகிய பின் பிப்பெட். பிப்பெட் வேலையை ஒரே மூச்சில் 3 மணி நேரம் செய்யாமல், 20, 30 நிமிடங்களுக்கு ஒருமுறை வேறு அசைவுள்ள வேலைக்கு மாறுங்கள்.

அடுத்ததாகக் கருவிகள். கட்டைவிரலால் அழுத்தும் பிப்பெட்டுக்குப் பதிலாக, பொத்தானைத் தொட்டால் மோட்டார் இழுக்கும் மின்னணுப் பிப்பெட் கிடைக்கிறது. குழாய் மூடியைத் திறக்க எளிய கைக்கருவிகள் உள்ளன. உள்ளங்கையால் அழுத்தித் திருகும் உங்கள் உத்தி, கையைச் சுண்டுவிரல் பக்கமாகத் தள்ளக்கூடும். இந்நோயில் விரல்கள் சாயும் திசையும் அதுதான், எனவே அதை இன்றே விடுங்கள். மணிக்கட்டுக்கு வேலை நேரத்தில் அணியும் பட்டையையும் கைக்கான பயிற்சிகளையும் தொழில்வழிச் சிகிச்சை நிபுணர் அளவெடுத்துக் கற்றுத்தருவார். கைகளை நீட்டி வலுவூட்டும் முறையான பயிற்சித் திட்டம் ஓராண்டுக்குப் பின்னும் கைத்திறனை மேம்படுத்தியிருந்ததை 2015இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. வீட்டு வேலையே பயிற்சிதானே என்று கேட்பீர்கள். இல்லை, அது கூடுதல் சுமை.

ஓவியர் ரெனுவார் நினைவுக்கு வருகிறார். ஐம்பது வயதையொட்டி இந்நோய் தொடங்கி, விரல்கள் உள்ளங்கைக்குள் மடிந்துபோன பிறகும், 1919இல் இறக்கும்வரை வரைந்தார். தூரிகையைக் கையில் கட்டிக்கொண்டு வரைந்தார் என்று ஒரு கதை உலவுகிறது. துணிக்கட்டு, உள்ளங்கைத் தோல் புண்ணாகாமல் இருப்பதற்காகப் போட்டது. தூரிகையை மற்றவர்கள் அவர் கையில் எடுத்து வைத்தார்கள். பெரிய கன்வாஸை உருளைகளில் சுற்றி, அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டும்படி நகர்த்தினார்கள். இதை ஊக்கக் கதையாகச் சொல்லவில்லை. இன்றைய மருந்துகள் அவருக்கு இல்லை, அவர் பட்ட துன்பம் உங்களுக்குத் தேவையும் இல்லை. கன்வாஸ் அவரிடம் நகர்ந்து வந்தது என்பதை மட்டும் கவனியுங்கள்.

வேலையை விடுவதா

இப்போது இல்லை. 32 நாடுகளின் நோயாளிகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், 2000க்குப் பின் நோய் தொடங்கியவர்கள் தொடர்ந்து வேலையில் இருக்கும் வாய்ப்பு 2 ஆண்டுகளில் 80% ஆகவும், 5 ஆண்டுகளில் 68% ஆகவும் இருந்தது. அதாவது மூன்றில் இரண்டு பங்கினர் ஐந்தாம் ஆண்டிலும் வேலையில் இருந்தார்கள். மீதமுள்ளவர்களின் எண்ணிக்கையும் சிறியதன்று. நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்பதை, முழுமையாக ஒருமுறைகூடச் சிகிச்சை பெறாத இந்த நிலையில் யாரும் சொல்ல முடியாது. விட்ட வேலைக்குத் திரும்பி வருவது, இருக்கும் வேலையை மாற்றியமைப்பதைவிடக் கடினம் என்பதை மட்டும் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். சம்பளத்தோடு மருத்துவக் காப்பீடும் போகுமென்றால், மருந்தும் அதோடு போகும்.

எனவே முடிவுக்கு ஒரு தேதி வையுங்கள். தடையின்றி 6 மாதச் சிகிச்சை, எழுத்தில் கேட்ட பணி மாற்றம், இரண்டும் நடந்த பிறகும் வந்தும் வராமை குறையவில்லை என்றால், அப்போது பேசுவோம். அப்போதும் ராஜினாமாவுக்கு முன்பு பகுதி நேரப் பணியும், தரக்கட்டுப்பாடு போன்ற வேறு பிரிவும், மருத்துவ விடுப்பும் இருக்கின்றன. சகிக்க முடியாத வலியோடு வீடு திரும்பிய இரவில் ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம். இந்நோய் அலையலையாக வருவது; அலை உச்சத்தில் இருக்கும்போது கரை தெரியாது.

அந்தக் கடைசி வரி

இரண்டாவது குழந்தையைப் பற்றி ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டீர்கள். என் பார்வையில் இதுவே மற்ற எல்லா முடிவுகளுக்கும் முன்னால் வர வேண்டியது. மெத்தோட்ரெக்ஸேட் கருவைப் பாதிக்கும். அதைச் சாப்பிடும் காலத்தில் நம்பகமான கருத்தடை கட்டாயம். கருத்தரிக்க முயல்வதற்கு 1 முதல் 3 மாதங்களுக்கு முன்பே மருத்துவரின் ஆலோசனையோடு நிறுத்த வேண்டும். உங்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் இன்றே பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

குழந்தைக்காக மருந்தே இல்லாமல் இருக்க வேண்டும் என்பதும் தவறான எண்ணம். அழற்சி கட்டுக்கடங்காமல் இருப்பது கருத்தரிப்பதையே தாமதப்படுத்தக்கூடும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் போன்றவற்றைக் கர்ப்ப காலத்திலும் தொடரலாம். உயிரியல் மருந்துகளில் செர்டோலிசுமாப் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குச் செல்வது மிக மிகக் குறைவு. அடுத்த ஓராண்டுக்குள் குழந்தை வேண்டுமா, முதலில் நோயை அடக்கிவிட்டுப் பிறகா என்பதைக் கணவரும் நீங்களும் முடிவு செய்து மருத்துவரிடம் சொன்னால், மருந்தின் தேர்வே வேறாகும். நான் மேலே சொன்ன 6 மாதக் கணக்கும் அதற்கேற்ப மாறும்.

கர்ப்ப காலத்தில் இந்நோய் பலருக்குத் தணிகிறது. ஹென்ச் கார்ட்டிசோனைத் தேடிப் போனதற்கு அவர் கண்ட அந்தத் தணிவும் ஒரு காரணம். பிரசவத்துக்குப் பின் வரும் முதல் சில மாதங்களில்தான் அது பலருக்கு மீண்டும் கிளர்கிறது. மகப்பேறு விடுப்பு முடிந்து நீங்கள் பணிக்குத் திரும்பும் நேரமும் ஏறக்குறைய அதுவாகவே இருக்கும். கைக்குழந்தையைத் தூக்கிய அதே மணிக்கட்டோடு காலை 7 மணிக்குப் பிப்பெட் முன் உட்கார வேண்டிய நாள் அது. பணி நேரத்தைத் தள்ளிவைக்கக் கேட்கும் அந்தக் கடிதத்தை இந்த மாதமே கொடுத்துவிடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.